லிட்டருக்கு எட்டு

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு சேவியர் தன் வேனைக் கொண்டுபோய் வில்லியனூர் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார். இறங்கி, டேங்க் மூடியைத் தானே திறந்து, கழுத்து வரைக்கும் போடும்மா என்று சொன்னார். பங்க்கில் இருந்த பெண்ணுக்கு இது வாராவாரம் பார்த்துப் பழகிய கூத்துதான். டீசல் தானாக நின்றதும் அவள் ஒதுங்கிக்கொண்டாள். சேவியர் வண்டியின் பின்பக்கம் போய்த் தோளைக் கொடுத்து அதை இப்படியும் அப்படியும் ஆட்டினார். டேங்க்குக்குள் அடைந்திருக்கிற காற்று வெளியேறினால்தான் அது நிஜமாக நிரம்பியதாகக் கணக்காம். உள்ளே முன்சீட்டில், பூசைக்குக் கட்டிய நீலப் புடவையோடு உட்கார்ந்திருந்த லில்லியும் வண்டியோடு சேர்ந்து ஆடினாள். பின்னால் வரிசையில் நின்ற பைக்குக்காரர்கள் சிரித்தார்கள். வயசான மனுஷன் வண்டிக்குத் தாலாட்டு பாடுகிறார் என்று ஒருவன் சொன்னது அவள் காதில் நன்றாகவே விழுந்தது.

இதற்குப் பெயர் மைலேஜ் பார்ப்பது. கழுத்து வரைக்கும் டீசல் போட்டு, கிலோமீட்டர் எண்ணை மனசில் வாங்கிக்கொண்டு, பாகூர் வரைக்கும் போய்த் திரும்பி, அதே பங்க்கில் மறுபடி கழுத்து வரைக்கும் போட வேண்டும். ஓடின தூரத்தைக் குடித்த டீசலால் வகுத்தால் விடை வந்துவிடும். எந்த வண்டிக்காரனும் வண்டி வாங்கின புதிதில் ஒரு தடவை பார்ப்பான், இன்ஜின் வேலை செய்தால் இன்னொரு தடவை பார்ப்பான். சேவியர் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் மைலேஜ் சேவியர் என்று பெயரே விழுந்துவிட்டது. பூசை முடிந்து வெளியே வரும்போது சாமியார்கூட, என்ன சேவியர், இன்றைக்கும் பரீட்சையா என்று கேட்பார்.

வேன் அவர் ஆசைப்பட்டு வாங்கியது. ஆயுசு முழுக்க டவுனில் டிராவல்ஸ்காரர்களின் வண்டியை ஓட்டிய மனுஷனுக்குச் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று இருந்ததில் தப்பில்லை. ஆனால் வாங்கினாரே ஒரு வண்டி! ஊரெல்லாம் சுற்றிப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, ஜன்னலுக்கு ஜன்னல் திரை என்று ஒரு குடும்பமே நடத்தியிருந்தார்கள். தங்கள் ஊருக்குத் திரும்பும்போது அதை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். உட்கார முடியாத கிழங்கட்டைகளைப் படுக்க வைத்து வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போகலாம், நல்ல சவாரி கிடைக்கும் என்றார் சேவியர். சவாரி வந்தது, வராமல் இல்லை. ஆனால் வந்ததையெல்லாம் வண்டியே தின்றது. டயர், இன்ஜெக்டர், இன்சூரன்ஸ், எஃப்.சி. என்று ஒன்று மாற்றி ஒன்று. பேட்டரி வேறு சாகக் கிடந்தது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிவிடும். அதனால் ராத்திரியில் வண்டியைக் கோயில் மேட்டில் நிறுத்திவைத்து, காலையில் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்வார். பங்க்கில் அணைத்தால் வரிசையில் நிற்கிறவர்கள் தள்ளிவிடுவார்கள். இந்தப் பணத்துக்கு ரெண்டு எருமை வாங்கியிருந்தால் பாலாவது கறந்திருக்கும் என்று லில்லி சொல்லாத நாளில்லை.

சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் அவளே ஆளும் பார்த்துவிட்டாள். செபாஸ்டின் என்று கோயில் பங்கிலேயே ஒருவர், மனை, வண்டி எல்லாம் கைமாற்றி விடுகிறவர். அவர் கடலூரிலிருந்து ஓர் ஆளை அழைத்து வந்தார். கட்டிலை எடுத்துவிட்டு வேனுக்குள்ளேயே டிபன் கடை போடப் போகிறானாம். அவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்டது ஒரே கேள்விதான், எவ்வளவு கொடுக்குது? சேவியர் கொஞ்சமும் யோசிக்காமல் லிட்டருக்கு எட்டு என்றார். லில்லி அவர் இடுப்பில் கிள்ளினது வீணாகப் போயிற்று. பொய் சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். வந்தவன் முகத்தைச் சுளித்து விலையைக் குறைத்தான். திங்கட்கிழமை வந்து முடிவு சொல்கிறேன் என்று போனான்.

ஆனால் லில்லிக்கு அந்த எட்டில் ஒரு உறுத்தல் இருந்தது. வேளாங்கண்ணிக்குப் போய்வந்தால் இதே வண்டி பத்துக்குக் குறையாமல் கொடுக்கிறது. அதை அவரே வாய் நிறையச் சொல்லியிருக்கிறார். பாகூருக்குப் போனால் மட்டும் எப்படி எட்டு? மேடா, மலையா? தட்டையாகக் கிடக்கிற ரோடு. மெக்கானிக்கைக் கேட்டால் வண்டி மேல் ஒன்றும் குறையில்லை அக்கா என்று விட்டான். அப்படியானால் ஓட்டுகிறவர் மேல்தானே குறை? விட்டிருந்த குடியை மறுபடி தொட்டிருப்பாரோ, டீசலை யாருக்காவது ஊற்றிக் கொடுக்கிறாரோ என்று என்னென்னவோ நினைத்தாள். நானும் வருகிறேன், என் கண்ணால் பார்க்கிறேன் என்று அன்று காலையில் அவள் சொன்னபோது சேவியரின் முகம் விழுந்துவிட்டது. வெயில் என்றார், ரோடு சரியில்லை என்றார், எடுத்துவைத்த கறியை யார் சமைப்பார்கள் என்றார். கறி எங்கேயும் ஓடிவிடாது என்று சொல்லிவிட்டு அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கிளம்பினதிலிருந்து சேவியர் வாயைத் திறக்கவில்லை. மங்கலம் தாண்டி, கரிக்கலாம்பாக்கம் தாண்டி, ரோடு ஓரிடத்தில் தமிழ்நாட்டை ஒட்டிக்கொண்டு போகும். அந்தப் பக்கத்துப் பங்க்கைப் பார்க்கும்போதெல்லாம், நம்ம பக்கம் இருக்கிற குறைந்த விலை என்ன, இவர்கள் விற்கிற கூடின விலை என்ன என்று ஒரு சலிப்புச் சலிப்பார். இன்றைக்கு அதுகூட இல்லை. லில்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாகூர் ரோட்டில் அவரோடு போவது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது.

அவர்களுடைய ஒரே மகள் ஆரோக்கிய செல்வி பாகூரில்தான் வாழ்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பெயரை வீட்டில் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. தமிழ்க்குமரன் என்று நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பத்துப் பையன். ரெண்டு பேரும் ரெஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். பையன் வேதக்காரன் இல்லை, இந்து என்பது சேவியருக்கு இரண்டாம்பட்சம்தான். அவருக்கு வேறு ஒரு கனவு இருந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள் அல்லவா, இன்னார் மகள் இன்னாருக்கும் இன்னார் மகன் இன்னாருக்கும் திருமணம் என்று? சேவியர், லில்லி இவர்களின் மகள் என்று சாமியார் மைக்கில் வாசிப்பதை முதல் வரிசையில் நின்று கேட்க வேண்டும் என்று, செல்வி தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து அந்த மனுஷன் காத்துக்கொண்டிருந்தார். வாசிக்காமலேயே போய்விட்டது. அன்றைக்கு ஊர் கேட்க அவர் ஒரு வார்த்தை விட்டார். உன் வூட்டு வாசப்படிய மிதிச்சா நான் சேவியர் இல்ல. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

லில்லி என்ன செய்வாள், பெற்ற வயிறு. அவர் சவாரிக்குப் போகிற நாளாகப் பார்த்து, அக்கா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் பாகூர் போய்வருவாள். பேரன் பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரியில் அவள்தான் கூட இருந்தாள். பாவசங்கீர்த்தனத்துக்குச் சாமியாரிடம் போனால் எல்லாவற்றையும் சொல்லுவாள், இந்தப் பொய்யை மட்டும் விழுங்கிவிடுவாள்.

பாகூர் வந்தது. அவர் கடைத்தெருவில் திரும்பவில்லை. நேராகப் போய், இடது பக்கம் ஒடித்து, ஏரிக்கரை ரோட்டில் ஏறினார். அது செல்வியின் வீட்டுக்குப் போகிற வழி. கொஞ்ச தூரம் போய், ஒரு புங்க மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினார். இன்ஜினை அணைக்கவில்லை. ரேடியேட்டர் சூடாயிருக்கு, ஆறட்டும் என்று முணுமுணுத்தார். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், முருங்கை மரமும் நீல கேட்டுமாக, செல்வியின் வீடு நேர் எதிரே தெரிந்தது.

மாட்டிக்கொண்டேன் என்று லில்லி நினைத்தாள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். ஆமாம், வந்தேன், இனிமேலும் வருவேன், என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிடுவது என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். ஆனால் சேவியர் அவளைப் பார்க்கவே இல்லை. சீட்டிலிருந்து எழுந்து, குனிந்து, பின்னால் போனார். கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னல் திரையை இரண்டு விரலால் கொஞ்சமாக விலக்கினார். விரல் பட்ட இடத்தில் திரையில் ஒரு கறுப்புக் கறை. துவைக்கும்போதெல்லாம் கிரீஸ் கறை போகமாட்டேன் என்கிறதே என்று அவள் திட்டியிருந்த அதே கறை.

வீட்டுக்குள்ளிருந்து செல்வி வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் பிளாஸ்டிக் தொட்டி. வாசலின் நடுவில் தொட்டியைப் போட்டு, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, பிள்ளையைக் குளிப்பாட்ட ஆரம்பித்தாள். லில்லி திகைத்தாள். அந்த வீட்டில் போர் பைப்பு கொல்லைப்பக்கம் இருக்கிறது. அவள் போன நாளிலெல்லாம் செல்வி பிள்ளையை அங்கேதான் குளிப்பாட்டினாள். இங்கே வாசலுக்கு எதற்குத் தண்ணீரைச் சுமக்கிறாள்? கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் விளங்கியது. செல்வி வேன் இருந்த திசைக்குத் தலையைத் திருப்பவே இல்லை. ஆனால் பிள்ளைக்கு முதுகு தேய்க்கிறபோது அவன் முகம் ரோட்டைப் பார்த்து இருக்கும்படி பிடித்துக்கொண்டாள். மார்பு தேய்க்கிறபோது, தான் சுற்றிப் போய் உட்கார்ந்துகொண்டாள், பிள்ளையைத் திருப்பவில்லை.

"எத்தினி நாளா?" என்று லில்லி கேட்டாள்.

"வண்டி வாங்கினதுலேர்ந்து." சேவியர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மொத மொத மைலேஜ் பாக்க வந்தப்போ சும்மா இந்தப் பக்கமா திருப்புனேன். வயித்துல புள்ளையோட கொடம் தூக்கினு வந்தா. அதுலேர்ந்து."

"அவளுக்குத் தெரியுமா?"

"இன்னாத்துக்குத் தெரியணும்? நான் அவ வூட்டுக்கா போனேன். என் வூட்லதான ஒக்காந்துனுருக்கேன்." பிறகு அவராகவே சொன்னார். "போன மாசம் தொட்டியப் புடிச்சினுதான் நின்னான். இப்போ கைய வுட்டுட்டு நிக்கறான், பாரு."

லில்லிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த எட்டு எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. பிள்ளை குளித்து, துவட்டி, பவுடர் போட்டு, கண்ணுக்கு மை இட்டு முடிகிற வரைக்கும் இந்த வண்டி நின்ற இடத்தில் டீசலைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. அணைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்டாள். அணைத்தால் திரும்ப எடுக்காது, அப்புறம் இந்த வாசலுக்கு எதிரில் நின்றுகொண்டு யாரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வது என்றார் சேவியர். பிறகு, வித்தால் தொல்லை விட்டது, நாளைக்கு அந்தாள் என்ன கொடுக்கிறானோ வாங்கிக்கலாம் என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. திரையைப் பிடித்திருந்த விரலை மட்டும் எடுக்கவில்லை.

அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். கோபம் கோபமாக வந்தது. இவர் மேல், இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லாத மகள் மேல், எருமை எருமை என்று இந்த வண்டியை விற்கத் துடித்த தன் மேல். அப்பனும் மகளும் வாராவாரம் சந்தித்துக்கொள்கிறார்கள். அவளும் மகளும் சந்தித்துக்கொள்கிறார்கள். மூன்று பேரும் ஒருத்தருக்கொருத்தர் மறைத்துக்கொண்டு, நடுவில் இருக்கிற வாய்க்காலை மட்டும் யாரும் தாண்டவில்லை. நாளைக்கு இந்த வேனும் போய்விட்டால் அந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போய் உட்காருவார்? பஸ் ஏறி வந்து ரோட்டில் நின்று பார்க்கிற ஆள் இல்லை அவர். அப்படியே உள்ளுக்குள் வைத்துக்கொண்டு செத்துப்போவாரே தவிர, வாயைத் திறக்கமாட்டார்.

லில்லி டிரைவர் சீட்டுப் பக்கம் எட்டி, சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது.

ஏரிக்கரை ஒரே அமைதியாகிவிட்டது. எதிரே தண்ணீர் மொண்ட கை அப்படியே நிற்க, செல்வி முதல் முறையாக நிமிர்ந்து வேனைப் பார்த்தாள்.

சேவியர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவந்தார். மேலே தலையை இடித்துக்கொண்டார். டிரைவர் சீட்டில் விழுந்து சாவியைத் திருப்பினார். முனகல். மறுபடி திருப்பினார். டக் என்று ஒரு சத்தம், அதோடு சரி.

"இன்னா வேல பண்ண லில்லி," என்றார். கோபமில்லை, பயந்துபோயிருந்தார். "இப்போ யாரப் போயி தள்ளச் சொல்றது?"

லில்லி பக்கவாட்டுக் கதவைத் திறந்து இறங்கினாள். வாய்க்கால் ஓரத்தில் நின்று, வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"தமிழு... வண்டி நின்னுபோச்சிபா. கொஞ்சம் வந்து தள்ளு."

கூப்பிட்ட பிறகுதான் அந்தத் தமிழு அவளுக்கே உறைத்தது. தினமும் கூப்பிட்டுப் பழகின மாதிரி வாயில் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் சேவியர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுப் பயணங்கள் ஒவ்வொன்றும் அவர் மனசில் ஓடுவது முகத்திலேயே தெரிந்தது. அவள் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏரியைப் பார்த்தாள்.

தமிழ்க்குமரன் ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே, வாய்க்கால் மேல் போட்டிருந்த பலகையைத் தாண்டி வந்தான். அத்தை என்று அவளுக்குத் தலையசைத்தான். டிரைவர் ஜன்னல் பக்கம் போய் நின்றான். மூன்று வருஷத்துப் பேச்சு இருந்தது இருவருக்கும். என்ன சொல்லப்போகிறானோ என்று லில்லி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"செகண்ட் கியர்ல போட்டு வெச்சிக்கோங்க மாமா," என்றான் அவன். "நான் சொல்றப்போ கிளட்ச வுடுங்க."

சேவியர் அவனைப் பார்க்காமல் ஸ்டியரிங்கிடம் தலையாட்டினார்.

ஒரு ஆளுக்கு அந்த வண்டி அசையவில்லை. லில்லியும் சேர்ந்து கை கொடுத்தாள். அப்போதும் அசைந்த மாதிரி இல்லை. அதற்குள் செல்வி, குளிப்பாட்டிய பிள்ளையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு பலகையைத் தாண்டி வந்துவிட்டாள். தள்ள வேண்டும் என்றால் பிள்ளையை எங்கேயாவது விட வேண்டும். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர். அவள் அம்மாவைப் பார்த்தாள். லில்லி வண்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. செல்வி நேராக முன்னால் போய், டிரைவர் ஜன்னலுக்குள் பிள்ளையை நீட்டினாள்.

"இவனக் கொஞ்சம் புடிப்பா," என்றாள், நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவள் போல.

செல்வி பின்னால் வந்தபோது அவள் கையில் வெறும் துண்டு இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று வண்டியில் கை வைத்தாள்.

மூன்று பேரும் தள்ளினார்கள். முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வண்டி நகர்ந்தது. பிறகு சீராக உருண்டது. தமிழ்க்குமரன், வுடுங்க மாமா என்று கத்தினான். கிளட்ச்சை விட்டால் வண்டி ஒரு வெட்டு வெட்டும், தள்ளுகிறவர்களின் உள்ளங்கைக்கு அது தெரியும். டிரைவர் பெண்டாட்டியாகி முப்பது வருஷத்தில் லில்லி எத்தனை வண்டி தள்ளியிருப்பாள்! அவள் கைக்கு அந்த வெட்டு தெரியவே இல்லை. வண்டி வெண்ணெய் மாதிரி உருண்டு, வேகம் குறைந்து, கரையின் நடுவில் நின்றது.

"புடிக்கலியா மாமா?" என்று மூச்சு வாங்கக் கேட்டான் அவன்.

பின்கதவுக் கண்ணாடி வழியாக லில்லி உள்ளே பார்த்தாள். கட்டிலுக்கும் அடுப்புக்கும் அப்பால், டிரைவர் சீட்டில், சேவியரின் சட்டைத் தோள் நனைந்திருந்தது. மடியில் ஏறி நின்று ஈரத் தலை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் நான்கு கைகள் இருந்தன.

"புடிக்கல," என்றது அவர் குரல், வெளியே தலை நீட்டாமலே. "இன்னம் கொஞ்ச தூரம் தள்ளுங்கப்பா."

தமிழ்க்குமரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். லில்லி அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டு, கைலியை இன்னொரு மடிப்பு ஏற்றிக் கட்டினான். அவள் உள்ளங்கை இரண்டையும் மறுபடி தகரத்தில் வைத்தாள். பக்கத்தில் செல்வியின் கையும் வந்து உட்கார்ந்தது. விரலிடுக்கில் இன்னும் சோப்பு நுரை காயவில்லை.